நாற்பது படங்களும் ஒரு பூஜ்யமும்

எங்கள் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் படப்பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். இனி கம்ப்யூட்டர் திரையில் படம் வரும், நோயாளி பெயர் சொல்வார், மதிப்பெண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் ஹேமா போன் செய்து, "இருபத்திரெண்டு வருஷம் அந்தப் பெட்டியோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க சார். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க. ஜூனியர்ஸ் ஆசையா கேக்கறாங்க" என்றாள். ஜூனியர்கள் ஆசையாகக் கேட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. மலரில் நாலு பக்கம் காலியாக இருக்கிறது என்பதை நம்பினேன்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் விருப்ப ஓய்வு பெற்றவன் நான். வெளியே வந்ததிலிருந்து, தெருவில் வழி கேட்பவர்களைத் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஆகவே ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால், அதை வைத்து நான் செய்த ஒரு மோசடியைத்தான் எழுத வேண்டும். அதை அச்சிடுவதா வேண்டாமா என்பது ஹேமாவின் பாடு.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதுவும் என்னைச் சுருக்கமாகத்தான் முடித்துவிடப் பார்த்தது. அப்பா சேலத்துப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பரீட்சைக்கு இங்கிலீஷ் என்று மூன்றிலும் அரைகுறையாக வளர்ந்தேன். பேச்சு பற்றிய படிப்பு என்றதும், பேசுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன். பேசாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தது. தெரியவைத்தவர் சுசீலம்மா மேடம்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். கன்னடம்தான் பேசுவார்; அவரோடு பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து விநாடி. நோயாளிகளுக்காக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் அது. எங்களிடமும் அதையே செய்தார். "நேத்து ரிப்போர்ட் எழுதினீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் பத்து விநாடி சும்மா இருந்தால், எழுதியவன்கூட எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டுவிடுவான்.

தலையில் அடிபட்டோ, மூளையில் ரத்தம் அடைத்தோ வார்த்தையைத் தொலைத்தவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். அறிவு இருக்கும், ஆசை இருக்கும், கோபம் நிறையவே இருக்கும். வார்த்தை மட்டும் வராது. எவ்வளவு தொலைந்திருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பெட்டி. நாற்பது படங்கள், தபால் அட்டை அளவு, பின்னால் எண் போட்டிருக்கும். வரிசை மாறக்கூடாது. ஒரு படத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். தானாகச் சொன்னால் நாலு மதிப்பெண். வராவிட்டால் பொருளின் உபயோகத்தைச் சொல்லிக் காட்டலாம்: "தலை வாருவோமே, அது?" அதன் பிறகு வந்தால் மூன்று. அதற்கும் வராவிட்டால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கலாம்; வந்தால் இரண்டு. நம்மோடு சேர்ந்து சொன்னால் ஒன்று. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் பத்து விநாடி. படிப்பதற்கு எளிதாக இருக்கிறது இல்லையா? ஒரு மனிதர் வாயைத் திறந்து, நெற்றி நரம்பு புடைக்க, 'சீப்பு' என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரே கைகட்டி உட்கார்ந்து பாருங்கள். பத்து விநாடியில் ஒரு வீட்டையே கட்டிவிடலாம் என்று தோன்றும்.

என் முதல் நோயாளி ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர். ஏழாவது விநாடியில் பொறுக்க முடியாமல் நானே "சீப்பு" என்று சொல்லிவிட்டேன். பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"நோயாளி யாரு, மூர்த்தியவரே?"

"அவரு மேடம்."

"அப்போ நீங்க ஏன் சொன்னீங்க? உங்களுக்கு அந்த வார்த்தை வரும்னு எனக்குத் தெரியுமே."

மேடத்துக்கு இரண்டு விதிகள். சோதிக்கிற பெட்டியை வைத்துப் பாடம் நடத்தக்கூடாது. அதற்கு வேறு படங்கள் உண்டு. "தெர்மாமீட்டரை வெந்நீர்ல முக்கிட்டு ஜுரத்தைப் பத்திப் பேசக்கூடாது" என்பார். இரண்டாவது விதி: சொந்த வீட்டு நோயாளியை யாரும் தொடக்கூடாது. இந்த இரண்டாவதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என்னவோ மற்றவர்கள் வீட்டுக்கான விதி போலத் தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம், என் மனைவி சரோஜாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். சரோஜா கொள்ளேகாலத்துப் பெண். மைசூரில் ஒரு கன்னடப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முந்தின நாள் இல்லாத ஒரு வேகத்தடையைச் சாலையில் புதிதாகப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு இன்னும் அடிக்கவில்லை. அப்போது நான் அவளுக்கு ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம் வரவில்லை. என் நகைச்சுவைக்கு அது வழக்கமான வரவேற்புதான் என்பதால் நான் சந்தேகப்படவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய், "என்ன, புரியலையா?" என்று திரும்பிப் பார்த்தபோதுதான் சீட் காலியாக இருந்தது.

தலையின் இடது பக்கம் அடி. ஆபரேஷன் ஆயிற்று. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. திறந்த பிறகு வலது கை விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை வந்தது: "அப்புறம்." தண்ணீர் வேண்டுமா என்றால் "அப்புறம்." வலிக்கிறதா என்றால், கண்ணில் நீர் வழிய, "அப்புறம், அப்புறம்." இந்த மாதிரி ஒற்றை வார்த்தையில் மாட்டிக்கொள்பவர்களைப் பத்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். உறவினர்களைக் கூப்பிட்டு, "இது நல்ல அறிகுறிதான், பொறுமையா இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொற்களை எனக்கே சொல்லிப் பார்த்தேன். சொன்னவன்மீது எரிச்சல்தான் வந்தது.

பிப்ரவரியில் எங்கள் பிரிவுக்கே அவளை அழைத்து வந்தேன். மேடம் தானே அவளை எடுத்துக்கொண்டார். நான் கூட நுழையப் போனபோது கதவில் கையை வைத்தார்.

"நீங்க பெஞ்சுல உட்காருங்க."

"மேடம், நான் ஸ்டாஃப்."

"இந்த முக்கால் மணி நேரம் இல்லை."

அந்த பெஞ்சு எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம், வீட்டில் நோயாளிக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றுவது என் வழக்கம். முதல் நாளே பக்கத்தில் கௌதள்ளி ஊரைச் சேர்ந்த சின்னச்சாமி என்ற விவசாயி உட்கார்ந்திருந்தார். தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். என்னிடம்தான் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க சார், நீங்களும் இங்கயே உக்காந்துட்டீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் தலையை ஆட்டினார்.

"நீங்க அன்னிக்கு வையப்போய் நான் ஊட்ல வாயே தொறக்கறதில்லீங்க. தம்பி சோறுன்னு சொல்ற மட்டும் தட்டு வெக்கறதில்ல. எங்கம்மா என்னெய ராச்சசன்ங்குது. அப்படித்தானுங்களே செய்யோணும்?"

"ஆமா, அப்படித்தான்."

"நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க சார்? நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சுலபமுங்க."

அன்று காலை சரோஜா வாயைத் திறப்பதற்குள் காபி, பலகாரம், மாத்திரை, கண்ணாடி, செருப்பு என்று ஐந்து பொருளை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "சுலபம்தான்" என்றேன்.

மார்ச் மாதச் சோதனையில் நாற்பது படத்தில் ஒன்பதுக்குத்தான் தானாகச் சொன்னாள். பயிற்சி ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு அது மோசமில்லை. ஆனால் அவளுடைய நீண்ட விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும்போது, வகுப்பு எடுக்கத் தகுதி என்று எங்கள் பிரிவிலிருந்து ஒரு ரிப்போர்ட் போக வேண்டும். போகாவிட்டால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் உத்தேசத்தில் கல்வி அலுவலகம் இருந்தது. சரோஜாவுக்கு அது தெரியும். பேச வராதபோதும் தினம் காலை எட்டரை மணிக்கு இடது கையால் புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதரைக்கு நான் மெல்லப் பையை வாங்கி ஆணியில் மாட்டுவேன். ஒரு நாளாவது அவள் அதைத் தானாக மாட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பயம் இப்படித்தான் கணக்குப் போட்டது: அந்த வகுப்பு இல்லையென்றால் அவள் பேச மாட்டாள், வகுப்பு வேண்டுமென்றால் ரிப்போர்ட் வேண்டும், ரிப்போர்ட் நாற்பது படத்தில் இருக்கிறது, நாற்பது படமும் என் தலையில் இருக்கிறது.

நம் வீடுகளில் வந்த கல்யாணப் பத்திரிகையைத் தூக்கி எறிவதில்லை. எங்கள் பரணிலும் ஒரு கட்டு இருந்தது. நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. சாயங்காலங்களில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் பின்பக்கங்களில் படம் வரைந்தேன். சீப்பு, குடை, பசு, கடிகாரம், பூட்டு, வாழைப்பழம். எனக்கு வரைய வராது. என் பசுவுக்குக் கழுதை என்று பெயர் வைத்திருந்தால்தான் நியாயம். ஆனாலும் அதே வரிசை, அதே அளவு. பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வரவில்லை என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொண்டேன். மனசாட்சி அப்போது விடுப்பில் இருந்தது.

தினம் காலையும் மாலையும் நாற்பது. முதலில் தமிழில், பிறகு மேடம் சோதிக்கப்போகும் கன்னடத்தில். பத்து விநாடியாவது ஒன்றாவது. வராத வார்த்தையை நானே சொன்னேன், திரும்பச் சொல்லவைத்தேன், மறுபடி மறுபடி. "கொடை." "குட் சரோ. அடுத்தது?" "ப...பசு." "குட்." சரோஜா வேகம் பிடித்தாள். ஏப்ரல் கடைசியில் முப்பத்தைந்து வந்தது. நான் மகிழ்ச்சியில் மிதந்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் தினம் சாயங்காலம் கட்டைப் பிரிக்கும்போது என் கை வேர்த்தது. எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் பயிற்சிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தோம். நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சரோஜா இடது கையில் பூட்டை வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"இது... இது... அது... அப்புறம்..."

"என்ன அது?"

"இது..." பூட்டை ஆட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

உள்ளே ஓடிப்போய் பத்திரிகைக் கட்டிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்து வந்தேன். காட்டிய மறுநொடி, "பூட்டு" என்றாள், பள்ளிக்கூடத்துக் குரலில். அதோடு நில்லாமல், படமே இல்லாமல், "வாழைப்பழம்" என்றாள். கையிலிருந்த நிஜப் பூட்டைக் காட்டினேன்.

"இது?"

"இது... இது..."

அவள் அந்தப் பூட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் இல்லாத அந்தப் பார்வைக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருக்க வேண்டும்; அவ்வளவு தெளிவாகப் புரிந்தது. படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல, வா, பஸ் போயிடும்" என்றேன்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மே மாதம் பிறந்துவிட்டதே.

சோதனை நாளன்று பெஞ்சில் உட்கார என்னால் முடியவில்லை. அறையை ஒட்டி மாணவர்கள் உட்கார்ந்து கவனிக்க ஓர் இருட்டுக் கூண்டு உண்டு. நடுவில் கண்ணாடி, கூண்டிலிருந்து பார்த்தால் அறை தெரியும், பேச்சும் கேட்கும்; அறையிலிருந்து பார்த்தால் அவரவர் முகம்தான் தெரியும். அதற்கு என்னிடம் சாவி இருந்தது. இரண்டு மாதமாக மோசடி செய்தவனுக்கு ஒரு கதவைத் திறப்பது பெரிய விஷயமில்லை.

மேடம் முதல் படத்தை வைத்தார். உடனே வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலு, நாலு, நாலு என்று தாளில் ஏறிக்கொண்டே போனது. பத்தாவது படத்துக்கு மேல் மேடம் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு சரோஜாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சரோஜா படத்தைப் பார்க்காமல் மேஜையின் ஓரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூட்டு" என்றாள் சரோஜா.

மேடம் மதிப்பெண் போடக் குனிந்தார். அடுத்த படம் கவிழ்ந்தே கிடந்தது.

"வாழைப்பழம்" என்றாள் சரோஜா.

மேடம் எழுதுவதை நிறுத்தினார். கவிழ்ந்த படத்தைத் திருப்பினார். வாழைப்பழம்தான். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி போயிற்று. இன்னொரு பத்து விநாடியும் போயிற்று.

சரோஜாவின் இடது கை நகர்ந்து வந்து மேடத்தின் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டது. மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பழக்கமில்லாத கையால் தாளின் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய பூஜ்யம் போட்டாள். அதன் வாய் சரியாக மூடவில்லை. மூடும்வரை மறுபடி இழுத்தாள். பரீட்சையில் பார்த்து எழுதுகிற பிள்ளைகளின் தாளில் அவள் போடுவது அப்படித்தான். ஒரு தாள் விடாமல் வீட்டில் எனக்குக் காட்டிப் புலம்பியிருக்கிறாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது, டீச்சர்?" என்றார் மேடம்.

"அவரு."

மேடம் காத்திருந்தார். சரோஜாவின் உதடு எதையோ தேடியது. நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். என்ன வார்த்தை என்று எனக்கே தெரியாததால் எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை.

"அவருக்கு..." என்றாள். பிறகு, வெகுநேரம் கழித்து, "பயம்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "பாவம்."

மேடம் அந்தப் பூஜ்யத்துக்குள்ளேயே இரண்டு வார்த்தையையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நேராகக் கண்ணாடியைப் பார்த்தார், கொண்டையைச் சரிசெய்துகொள்பவர் போல.

"இது ரெண்டும் என் பெட்டியில இல்லையே. மூர்த்தியவரே, உள்ளே வாங்க."

போனேன். போய்த்தானே ஆக வேண்டும்?

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா மேடம்."

"எத்தனை படம்?"

"நாற்பதும்."

கடிகாரத்தைப் பார்த்தார். "கல்யாணப் பத்திரிகை பின்னால வரைஞ்சேன் மேடம்" என்றேன். யாரும் கேட்கவில்லை அதை.

"என்கிட்ட இருக்கறது ஒரே பெட்டி. இவங்களுக்கு எவ்வளவு வருது, எவ்வளவு வரலைன்னு இப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தகுதின்னு நான் கையெழுத்துப் போட்டு, ஜூன் ஒண்ணாம் தேதி நாப்பது குழந்தைங்க முன்னால இவங்க நின்னு, வார்த்தை வராம இருந்தா? அங்க யாரு கட்டைப் பிரிச்சுக் காட்டுவாங்க?"

இரண்டு மாதமாகக் கை வேர்த்தது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு கிடைக்காமல் போகும் என்று பயந்துகொண்டே, கிடைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

மேடம் சரோஜா பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. ஜூன்ல வகுப்பு எடுக்க முடியுமா?"

கடிகாரம் ஓடியது. நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னைப் பார்க்காமலே விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

"இல்ல" என்றாள் சரோஜா. கண் நிறைந்துவிட்டது. இடது கையால் மேஜையைத் தட்டினாள். "ஆனா... போகணும்."

மேடம் எழுதிய ரிப்போர்ட்டில் பொய் இல்லை. இப்போது தனியாக வகுப்பு எடுக்க முடியாது. மனதுக்குள் படிக்கவும் நோட்டுப் புத்தகம் திருத்தவும் முடியும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா படித்துவிட்டு, "டீச்சரா, இல்லையா? ஏதாவது ஒண்ணு எழுதிட்டு வாங்க சார். பாதி டீச்சர்னு ரூல்ல இல்லை" என்றார். ஏழு முறை போனேன். ஏழு முறையும் போகிற வழியெல்லாம், பொய் ரிப்போர்ட்டாக இருந்தால் முதல் தடவையே வேலை முடிந்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும். திருந்தியவன் உடனே நிம்மதியாகிவிடுவான் என்று ஜூனியர்கள் நினைத்துவிடக்கூடாது. கடைசியில் தலைமையாசிரியை நேரில் வந்து பேசிய பிறகு, விடுப்பை தசரா விடுமுறை முடியும்வரை நீட்டித்துத் தந்தார்கள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று தெளிவாக எழுதியும் கொடுத்தார்கள்.

எனக்கு மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். மேடம் அதைவிடக் கஷ்டமானதைக் கொடுத்தார். "இனிமே வீட்ல, பதில் உங்களுக்குத் தெரிஞ்ச எந்தக் கேள்வியையும் அவங்ககிட்ட கேட்கக்கூடாது."

சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சரோஜா எதிரே உட்கார்ந்தால், கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. இது என்ன, அது என்ன, இன்று என்ன கிழமை, எல்லாம் எனக்குத் தெரியும். பதினான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில், பதில் தெரியாமல் நான் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். 'உப்பு எங்கே?' என்பதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மெல்லக் கற்றுக்கொண்டேன். மாடிவீட்டு அம்மா உன்னிடம் என்ன சைகை காட்டினாங்க? எந்தப் பிள்ளை உன் வகுப்பில் ரொம்பப் படுத்தும்? கொள்ளேகாலத்தில் உன்னை முதலில் பெண் பார்க்க வந்தவன் ஏன் வேண்டாமென்று போனான்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். "போகல. நான்... நானு... வேண்டாம்னேன்." இப்படி ஒரு செய்தி இத்தனை வருடம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எதிரே உட்கார்ந்து காத்திருப்பதற்கு நான் சம்பளம் வாங்கியவன். ஆனால் அந்தக் கோடையிலும் மழையிலும் காத்திருந்த மாதிரி ஒருநாளும் காத்திருந்ததில்லை. அவள் வார்த்தையைத் தேடும்போது என் நாக்கு தானாக அசையும். பல்லுக்கு நடுவில் கடித்துக்கொள்வேன். சில நாள் ஒரு வார்த்தையும் வராது. சில நாள் நேற்று வந்தது இன்று தொலைந்திருக்கும். அளக்கப் பெட்டி இல்லை. முன்னேறுகிறாளா என்று யாரையும் கேட்க முடியாது. காலண்டரில் தசரா மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் துணிந்து, பதில் தெரியாத, தெரிந்துகொள்ளவும் பயந்த கேள்வி ஒன்றைக் கேட்டேன். "வண்டியிலேருந்து விழுந்தப்போ என்ன நெனச்சே?"

நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க... பேசிட்டே... போனீங்க."

அவ்வளவுதான். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எனக்கு அழுகைதான் வந்தது.

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மேடம் புதிதாகப் படங்கள் சேர்த்துச் சோதித்தார்; அவை எந்தப் படங்கள் என்று என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பு கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன வார்த்தை போதும் என்று எழுதினார். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அலுவலகம் பதில் எழுதியது. திங்கட்கிழமை காலை சரோஜா பஸ்ஸில் தனியாகத்தான் போவேன் என்று கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள். பஸ் திரும்பும்வரை நின்றேன். திரும்பிய பிறகும் நின்றேன்.

அன்று நான் எந்த நோயாளியை எப்படிப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர்கள் மன்னிக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு மேடத்தின் மேஜையில் டெலிபோன் அடித்தது.

எங்கள் தொழிலில் டெலிபோனைக் கடைசியில்தான் தருவோம். வார்த்தை வராதபோது கையைக் காட்டலாம், முகத்தைச் சுளிக்கலாம், பொருளைத் தொட்டுக் காட்டலாம். போனில் அது எதற்கும் வழியில்லை. பேச்சு மட்டும்தான். சரோஜாவிடம் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

மேடம் எடுத்து "ஹலோ" என்றார். கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"சரோ? என்ன ஆச்சு? எங்கே இருக்கே? தலை சுத்துதா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? நான் கிளம்பி வரட்டா?"

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் தூரத்தில் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னங்க" என்றாள்.

"ம்."

"பசங்க... ஒரே... சத்தம்."

"ம்."

"நான்... ஒரு அதட்டு... போட்டேன்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அடங்கிட்டாங்க."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வைங்க. வேல... இருக்குது."

கட் ஆகிவிட்டது. ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மேடம் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"வேலை இருக்குதாம் மேடம்" என்றேன்.